நெடிலைக் காட்டும் மேற்கோடு: எல்லா இடத்திலும் இட வேண்டுமா, மயங்கும் இடத்தில் மட்டும் போதுமா?

வினா: சொல்லடைவு

வணக்கம். தமிழ் எழுத்து அறியாத வாசகர்களுக்கான இலக்கண அறிமுக நூல் ஒன்றின் பின்னிணைப்பாக, அந்நூலில் வரும் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் பெயர்த்து ஒரு சொல்லடைவு தொகுத்து வருகிறேன். ழ, ள, ற, ன போன்ற மெய்களைக் காட்டுவதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. கீழ்ப்புள்ளியும் கீழ்க்கோடும் ஏறத்தாழ எல்லாரும் ஏற்றுக்கொண்டவை. உயிரெழுத்துகளின் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டும் இடத்தில்தான், புரட்டிப் பார்த்த நூல்கள் ஆளுக்கொரு வழியில் செல்கின்றன.

சில நூல்கள் எல்லா நெடிலின் தலைமேலும் மேக்ரான் எனப்படும் கிடைக்கோட்டை இடுகின்றன. வேறு சில, ஆ, ஈ, ஊ ஆகிய மூன்றுக்கும் கோடிட்டுவிட்டு ஏ, ஓ இரண்டையும் வெறுமனே விட்டுவிடுகின்றன. அதனால் 'எரி', 'ஏரி' இரண்டும், 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே வடிவில் வந்து நிற்கின்றன. இன்னும் சில நூல்களில் கோடே கிடையாது. எழுத்தை இரட்டித்து நெடிலைக் காட்டிவிடுகிறார்கள்.

பதிப்புக் குழுவினரோ, பக்கமெங்கும் கோடுகள் இருந்தால் வாசகர் மிரண்டுவிடுவார், ஆகவே பொருள் மயங்கக்கூடிய இணைச்சொற்களுக்கு மட்டும் கோடிட்டால் போதும் என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் ஏதோ ஒன்று இடறுகிறது. என் ஐயங்கள் இவை: கோட்டை எல்லா நெடிலுக்கும் இடுவதா, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இடுவதா? கோடா, இரட்டிப்பா? ஏ, ஓ இரண்டையும் மட்டும் சிலர் விட்டுவிடுவதற்கு வரலாற்றுக் காரணம் ஏதும் உண்டா? துறையறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

தங்கள் மூன்றாம் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

வடமொழியில் ஏ, ஓ இரண்டும் எப்போதுமே நெடில். அவற்றுக்குக் குறில் இணை இல்லை. பிராகிருத மொழிகளில் இரட்டை மெய்யின் முன்னே அவை குறுகி ஒலிப்பதுண்டு என்றாலும், அந்தக் குறுக்கத்தால் பொருள் மாறுவதில்லை. ஆகவே அதற்கெனத் தனி எழுத்தும் வேண்டப்படவில்லை. வடமொழிக்காக வகுக்கப்பட்ட உரோமன் பெயர்ப்பு முறையில் இவ்விரண்டின் மேலும் கோடு இராததற்குக் காரணம் இதுவே. குறிலே இல்லாத இடத்தில் நெடிலுக்கு எதற்கு அடையாளம்? அம்முறையை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் பொருத்தியவர்கள்தான் 'எரி'யையும் 'ஏரி'யையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இந்தப் பிழைக்கு இடம் கொடாமல் ஏ, ஓ இரண்டுக்கும் கோடிட்டிருக்கிறது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக 2001-இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 தரமும் தென்மொழிகளை மனத்தில் கொண்டு அவ்வாறே இடுகிறது. எனவே தங்கள் அடைவில் ஐந்து நெடில்களுக்கும் கோடு வர வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

சுவையான செய்தி என்னவென்றால், இதே இடர்ப்பாடு தமிழ் எழுத்துக்கும் ஒரு காலத்தில் நேர்ந்திருக்கிறது. காரணமும் ஏறத்தாழ இதுவேதான். பிராமி எழுத்து தமிழுக்கு வந்தபோது ஏ, ஓ ஆகிய ஒலிகளுக்கு ஒவ்வொரு வடிவமே இருந்தது. தமிழுக்கோ குறிலும் நெடிலும் தனித்தனியே வேண்டும். அப்போது கைக்கொள்ளப்பட்ட தீர்வு, இன்று நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது: நெடிலை அப்படியே விட்டுவிட்டுக் குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல் என்று கூறிய தொல்காப்பியம், அடுத்த நூற்பாவிலேயே 'எகர ஒகரத்து இயற்கையும் அற்றே' என்கிறது. நன்னூல் காலத்திலும் விதி அதுவே. அதாவது, புள்ளி பெற்ற எழுத்து குறில். புள்ளி பெறாதது நெடில். இதைச் சற்று எண்ணிப் பார்த்தால், பழந்தமிழில் புள்ளி என்பது மெய்க்குரிய அடையாளம் மட்டுமன்று, ஒலி குறைந்து நிற்கிறது என்பதற்கான பொது அடையாளம் என்றே கொள்ளத் தோன்றுகிறது. மெய்யீறு புள்ளியொடு நிற்கும் என்றதன் பின்னே 'குற்றியலுகரமும் அற்றென மொழிப' என்று வருவதையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். உரைகாரர்களிடையே அதன் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு என்பது வேறு கதை.

விதி ஏட்டில் இருந்ததே தவிர, எழுத்தாணி அதைப் பொருட்படுத்தவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சமோ, விரைவோ, எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவாக, சுவடி படிப்பவர் 'செறு'வா 'சேறு'வா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இம்முறையைத் தலைகீழாக்கினார். குறிலை வெறுமனே விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் தந்தார்: ஒற்றைக்கொம்பு மேலே சுழித்து இரட்டைக்கொம்பாயிற்று, ஏகாரத்தின் காலில் கோடும் ஓகாரத்தின் அடியில் சுழியும் சேர்ந்தன. அச்சில் அது உடனே நிலைத்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல வழக்கூன்றியது.

அண்டை எழுத்துகளையும் பார்த்தால் இன்னும் சுவை கூடும். கன்னடத்தில் கி, கெ, கொ ஆகியவற்றின் வலப்பக்கத்தில் ஒரே வடிவமுள்ள 'தீர்க்க'க் குறி ஒன்றைச் சேர்த்தால் கீ, கே, கோ ஆகிவிடும்; இந்திய எழுத்துகளில் மேக்ரானுக்கு மிக நெருங்கிய உறவு என்று அதைத்தான் சொல்வேன். சிங்களத்திலோ, மெய்யைக் காட்டப் பயன்படும் அதே குறி கொம்பு பெற்ற எழுத்தின் மேல் ஏறினால் ஏகார நெடில் ஆகிறது. பழந்தமிழில் குறிலைக் காட்டிய குறியின் உறவுக்குறி அங்கே நெடிலைக் காட்டுகிறது!

மறுமொழி: மெய்ப்புநோக்கி

முந்தைய மறுமொழி மிகச் சிறப்பு. ஆனால் 'எல்லா நெடிலுக்கும் கோடு' என்பதைப் பற்றி மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன், ஏனெனில் பதிப்புக் குழுவினர் சொன்னதற்கு மிகப் பழைய ஆதரவு இருக்கிறது.

இலத்தீன் மொழியிலும் குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும். பொது ஊழிக்கு முந்தைய 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்கியுசு என்ற புலவர், நெடிலுக்கு எழுத்தை இரட்டித்து எழுதுமாறு பரிந்துரைத்ததாகச் சொல்வார்கள். பின்னர் இரட்டிப்பு வழக்கொழிந்து, உயிரெழுத்தின் மேலே சாய்கோடு போன்ற 'ஏபெக்ஸ்' என்னும் குறி வந்தது. இகர நெடிலுக்கு மட்டும் அக்குறியை இடாமல், எழுத்தையே மற்றவற்றினும் உயரமாகச் செதுக்கினார்கள். பொது ஊழி முதல் நூற்றாண்டில் அணியிலக்கண ஆசிரியர் குவிண்டிலியன் இதைப் பற்றி எழுதும்போது, எல்லா நெடிலுக்கும் இக்குறியை இடுவது வெறும் பேதைமை, பெரும்பாலான சொற்களில் அளபு தானே விளங்கும் என்றார். ஒரே எழுத்து குறுகினால் ஒரு பொருளும் நீண்டால் வேறொரு பொருளும் தரும் இடத்தில் மட்டும் அது தேவை என்றும் சொன்னார். 'மலுஸ்' என்றால் தீயவன், 'மாலுஸ்' என்றால் மரம் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு.

அரபு எழுத்தும் ஒருவகையில் இக்கொள்கைக்குச் சான்றுதான். அங்கே நெடில்கள் வரிசையில் எழுத்தாகவே நிற்கின்றன. குறில்கள்தாம் மேலும் கீழும் இடப்படும் குறிகள். அன்றாட எழுத்தில் அக்குறிகளை எழுதுவதில்லை. மறைநூலிலும் தொடக்கப் பாடநூல்களிலும் முழுமையாக இடுகிறார்கள். மற்ற இடங்களில் ஐயம் எழும் சொல்லுக்கு ஒன்றிரண்டு வைத்தால் போதும். கோடிக்கணக்கானோர் தடையின்றிப் படிக்கிறார்கள். ஆகவே மயங்கும் இணைகளுக்கு மட்டும் கோடு என்பது தள்ளிவிடத்தக்க யோசனை அன்று. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் கோடுகள் அடர்ந்த பக்கத்தைப் படிப்பதில் ஓர் அயர்வு உண்டு என்பதை, மெய்ப்பு நோக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

மறுமொழி: இருமாத்திரை

குவிண்டிலியன் சொன்னது உண்மை. ஆனால் அவர் யாருக்குச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். இலத்தீனைப் பேசி வளர்ந்தவர்களுக்கு. அரபுப் பத்திரிகை படிப்பவரும் அரபு அறிந்தவரே. சொல்லை முன்பே அறிந்தவருக்குக் குறி ஒரு நினைவூட்டல். அறியாதவருக்கு அதுவே தகவல். இன்றைய இலத்தீன் பாடநூல்களும் அகராதிகளும் குவிண்டிலியன் அறிவுரையைக் கைவிட்டு, எல்லா நெடிலுக்கும் மேக்ரான் இடுவதற்குக் காரணம் இதுதான்: அவற்றைப் படிப்பவர் எவருக்கும் இலத்தீன் தாய்மொழி அன்று.

பதிப்புக் குழுவின் யோசனையில் வினவியவருக்கு இடறுவது எது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோடு ஒரு செய்தி என்றால் கோடின்மையும் ஒரு செய்தியாக இருக்க வேண்டும். எல்லா நெடிலுக்கும் கோடிட்ட அடைவில், கோடில்லாத எழுத்தைக் கண்டதுமே 'இது குறில்' என்று வாசகர் உறுதி கொள்ளலாம். மயங்கும் இணைகளுக்கு மட்டும் இட்டால், கோடில்லாத எழுத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது: அது குறிலாகவும் இருக்கலாம், இணைச்சொல் இல்லாத நெடிலாகவும் இருக்கலாம். 'ஏடு' என்பதற்கு 'எடு' இருக்கிறது, ஆகவே கோடு கிடைக்கும். இணையில்லாத 'ஓணான்' என்பதற்குக் கிடைக்காது. தமிழ் அறியாத வாசகர் அதை 'ஒணன்' என்று படித்தால் பிழை அவருடையது அன்று. மேலும், எது மயங்கும், எது மயங்காது என்ற முடிவைத் தொகுப்பவர் சொல்லுக்குச் சொல் எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவின் காரணம் அச்சில் எங்குமே தெரியாது.

ஓலையில் புள்ளியை விட்டபோது நேர்ந்ததும் இதே கெடுதல்தான். புள்ளியின்மை நெடிலைக் குறித்ததா, எழுதியவர் விட்டுவிட்டதைக் குறித்ததா என்று எவரும் சொல்ல முடியாமல் போயிற்று.

ஜப்பானிய மொழியின் உரோமன் வடிவமும் நல்ல பாடம். ஹெப்பர்ன் முறைப்படி நெட்டோகாரத்தின் மேல் கோடு வர வேண்டும். 'ஒனோ', 'ஓனோ' இரண்டும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். கடவுச்சீட்டில் கோடு இடுவதில்லை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட, நீளத்தைக் காட்ட விரும்புவோர் ஓகாரத்தை அடுத்து ஹகர எழுத்து ஒன்றைச் சேர்த்துக்கொள்ள இடமளித்திருக்கிறார்கள். குறியை எடுத்தால் அந்த வேலையைச் செய்ய வேறொன்று வந்து நின்றே தீரும்.

இரண்டாம் ஐயமான இரட்டிப்புக்கு வருகிறேன். இரட்டிப்பு இழிவானது அன்று. ஃபின்னிய மொழி முழுவதும் அதில்தான் ஓடுகிறது: 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று, 'துல்லி' சுங்கம், உயிர் நீண்டால் உயிரெழுத்து இரட்டும், மெய் நீண்டால் மெய்யெழுத்து இரட்டும், கூடுதல் குறி எதுவும் வேண்டாம். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் இதைப் பற்றி நெடிய விவாதமே நடந்திருக்கிறது. மொழியியலாளர் புரூஸ் பிக்ஸ் இரட்டிப்பை வலியுறுத்தினார். 1987-இல் அமைந்த மாவோரி மொழி ஆணையம் மேற்கோட்டைத் தேர்ந்தது. வைக்காட்டோ பகுதியினர் இன்றும் இரட்டிப்பையே விரும்பி எழுதுகிறார்கள். அம்மொழியில் இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று: 'மனிதர்' என்பதைக் குறிக்கும் சொல்லின் முதல் அகரம் குறுகினால் ஒருவர், நீண்டால் பலர். இரட்டிப்பில் அங்கே ஒரு நுண்சிக்கல் உண்டு. முன்னொட்டின் இறுதி அகரமும் பகுதியின் முதல் அகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களில், அவை இரண்டு தனி அகரங்களா ஒரு நெடிலா என்பது இரட்டிப்பால் தெரியாது. கோட்டு முறையில் அத்தகைய சொல்லை இரண்டு எழுத்தாகவே எழுதி, உண்மையான நெடிலுக்குக் கோடிடுகிறார்கள், வேறுபாடு காப்பாற்றப்படுகிறது.

தமிழில் இரண்டு உயிர்கள் சந்தித்தால் இடையே உடம்படுமெய் வந்துவிடுவதால் அந்தச் சிக்கல் நமக்கு அரிது. நமக்குள்ள சிக்கல் வேறு. உரோமன் எழுத்தில் 'இ' என்பதை இரட்டித்தால் ஈ, 'எ' என்பதை இரட்டித்தால் ஏ என்பதுதான் முறை. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் பழகிய கண், எகர இரட்டையை ஈகாரமாகவும் ஒகர இரட்டையை ஊகாரமாகவும் படித்துவிடும். 'தேன்' என்று எழுதியதை 'தீன்' என்றும், 'கோடு' என்று எழுதியதை 'கூடு' என்றும் படிப்பார்கள். தங்கள் நூல் ஆங்கிலம் அறிந்த வாசகர்களுக்கு என்றால், இந்த ஒரு காரணமே கோட்டைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

வினவியவர்: சொல்லடைவு

அனைவருக்கும் நன்றி. கோடின்மையும் ஒரு செய்தியாக இருக்க வேண்டும் என்ற விளக்கத்தைக் குழுவினரிடம் படித்துக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது இரண்டு சிறு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் எழுத்துருவில் மேற்கோடு பெற்ற எழுத்துகள் அழகாக இல்லை. சாய்கோடு பெற்றவை நன்றாக இருக்கின்றன. மேற்கோட்டுக்குப் பதிலாகச் சாய்கோட்டை இடலாமா? அடுத்து, நூலில் 'ஓஒதல் வேண்டும்' என்ற குறளடி வருகிறது. அளபெடையை எப்படிக் காட்டுவது?

மறுமொழி: மெய்ப்புநோக்கி

வாதத்தில் தோற்றதில் வருத்தமில்லை. அயர்வைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுப்பதாயில்லை. சாய்கோட்டைப் பற்றி நானே சொல்கிறேன்.

செக், ஹங்கேரியம், ஐரியம் ஆகிய மொழிகளில் சாய்கோடு நெடிலைத்தான் குறிக்கிறது. ஆனால் இசுபானியத்தில் அதே குறி அழுத்தத்தைக் காட்டுகிறது; அழுத்தக் குறியாக அதைப் பழகியவர்கள் உலகில் மிகப் பலர். அதுவுமன்றி, இந்தக் குறிகள் ஒரே பொருளில் நிலைத்து நிற்பதில்லை. ஐசுலாந்தில் 12-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலொன்று நெடிலுக்குச் சாய்கோட்டைப் பரிந்துரைத்தது; இன்றைய ஐசுலாந்து மொழியிலும் கோடு இருக்கிறது, ஆனால் அது ஒலியின் தன்மையைத்தான் காட்டுகிறது; நீட்சியோ சொல்லில் உயிர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அமைகிறது. செக் மொழியில் ஊகாரத்துக்கு இரண்டு குறிகள்: சொல்லின் முதலில் சாய்கோடு, பிற இடங்களில் பெரும்பாலும் சிறு வளையம். பழைய ஓகார நெடில் மெல்லத் திரிந்து ஊகாரமானதன் எச்சம் அந்த வளையம். மேக்ரானுக்கு இத்தகைய வேறு பொருள்கள் மிகக் குறைவு. ஆகவே எழுத்துருவை மாற்றுங்கள், குறியை மாற்ற வேண்டாம்.

எழுத்துருவைத் தேடும்போது, கோடு பெற்ற உயிரெழுத்துகள் ஐந்தும் ஒருங்குறியில் தனி எழுத்துகளாகவே இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். வெறும் எழுத்தையும் அதன்மேல் ஏறும் கோட்டையும் தனித்தனியே தட்டச்சிட்டாலும் திரையில் அதே தோற்றம் வரும்; ஆனால் எளிய தேடுகருவிகள் இரண்டையும் வெவ்வேறாகக் கருதிவிடும். கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லுங்கள். அகரவரிசைப்படுத்தும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: எழுத்தெண் வரிசையை மட்டும் நம்பினால், கோடு பெற்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் உரோமன் வரிசையின் கடைசி எழுத்துக்கும் அப்பால் போய்விடும். குறிலை அடுத்து நெடில் என்ற வரிசையை மென்பொருளுக்குத் தனியே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

அளபெடைக்குப் புதிய குறி எதுவும் வேண்டாம். இரண்டு மாத்திரைக்கு மேல் நீளும் ஒலியைத் தமிழே இரட்டிப்பு முறையில்தான் எழுதுகிறது: நெடிலை எழுதி, அதன் இனக்குறிலைப் பக்கத்தில் வைக்கிறது. அதையே எழுத்துக்கு எழுத்து பெயர்த்துவிடுங்கள்: கோடு பெற்ற ஒகரம், அதை அடுத்துக் கோடில்லாத ஒகரம். அடுத்த அடியின் 'ஆஅதும்' என்பதற்கும் அவ்வாறே. இரட்டிப்பு முறையைத் தேர்ந்திருந்தால் இங்கே ஒரே எழுத்தை மூன்று முறை அடுக்க வேண்டியிருந்திருக்கும்.

கேளாமலே ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஐ, ஔ இரண்டும் இலக்கணப்படி நெடில்களே, இரண்டு மாத்திரை உடையவையே. ஆயினும் அவற்றுக்குக் கோடிட வேண்டாம். உரோமன் எழுத்தில் அவை ஈரெழுத்தாக வருகின்றன. குறில் இணையும் இல்லை. ஆகவே அங்கே கோடின்மை எவரையும் ஏமாற்றாது. ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகுமே என்று யாரேனும் கேட்டால், குறுக்கம் ஒலிப்பில் உள்ளது, எழுத்தில் இல்லை என்று முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'தலை' என்பதை வேறெப்படியும் எழுத முயல வேண்டாம்.